சின்ன சங்கத்துக்கு "டெக்னிக்கல் அசிஸ்டன்ஸ்" கிராண்ட் 3 லட்சம் வருது, எதுல போடுறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வியாசர்பாடி_மாலைவகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க வியாசர்பாடில சாயங்கால வகுப்பு நடத்துறோம், 2013ல ஒரு வீட்டு மொட்டைமாடில 9 பசங்களோட ஆரம்பிச்சது, இப்ப வாடகைக்கு ரெண்டு ரூம் எடுத்து 62 பசங்க வர்றாங்க, அஞ்சரைக்கு சுண்டல் குடுத்து ஆரம்பிச்சா எட்டு மணிக்கு முடியும். சங்கமா பதிவு பண்ணிருக்கோம், 12ஏ (சங்கத்து வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிச் சலுகை) ரெண்டும் இருக்கு. சம்பளத்துக்கு மூணு பேர், மத்தவங்க வாலண்டியர்ஸ். வருஷத்துக்கு மொத்தமே 14 லட்சத்துல ஓடுது, அதுல பாதிக்கு மேல மாசம் 500, 1000னு போடுற ஐடி பசங்களும் இங்கயே படிச்சு வேலைக்குப் போனவங்களும் குடுக்குறதுதான்.

விஷயம் என்னன்னா, போன மாசம் ஒரு டிரஸ்ட்ல இருந்து கூப்ட்டுப் பேசினாங்க. ஒரு வருஷத்துக்கு 3 லட்சம் தர்றாங்களாம். ஆனா டீச்சர் சம்பளம், வாடகை, நோட்டு, சுண்டல் எதுக்கும் அதுல கை வைக்கக்கூடாது, நிறுவனத்தைப் பலப்படுத்துறதுக்கு மட்டும்தான், டெக்னிக்கல் அசிஸ்டன்ஸ் கிராண்ட்னு பேரு, கணக்கு சரி பண்ண ஆள் வச்சுக்கலாம், சாஃப்ட்வேர் வாங்கலாம், ட்ரெயினிங் போகலாம், கன்சல்டன்ட் வச்சுக்கலாம்னு சொன்னாங்க. ஒரு மாசத்துக்குள்ள பிளான் எழுதிக் குடுக்கணும்.

கமிட்டில உக்காந்து பேசினா ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாங்க. தலைவர் வெப்சைட் வேணும்ங்கிறார். ஒரு தம்பி அட்டெண்டன்ஸுக்கு ஆப் பண்ணலாம்ங்கிறான். இன்னொருத்தர் அஞ்சு லேப்டாப் வாங்கிப் போட்டுடலாம், அது பசங்களுக்கும் உதவும்ங்கிறார். கணக்கு பாக்குற அக்கா மட்டும் எதுவுமே சொல்லல.

எனக்கு இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, போன வருஷம் ஒரு கம்பெனி சிஎஸ்ஆர்ல, அதாவது கம்பெனிங்க சமூகத்துக்குன்னு ஒதுக்குற பணத்துல, 8 லட்சம் தர்றதா வந்தாங்க. நேர்ல வந்து வகுப்பைப் பாத்தாங்க, எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி அவங்க முன்னாடி பின்னக் கணக்கைப் போர்டுல போட்டுக் காட்டினா, அசந்துட்டாங்க. அப்புறம் மெயில் வந்துச்சு. மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட், சிஎஸ்ஆர்-1 நம்பர் (சிஎஸ்ஆர் பணம் வாங்குறதுக்கான பதிவு நம்பர்), குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை, யார் குடுத்த பணம் எதுல செலவாச்சுன்னு பிரிச்ச கணக்கு, இதெல்லாம் பத்து நாள்ல வேணும்னு. எங்ககிட்ட ஆடிட் ரிப்போர்ட் மட்டும்தான் இருந்துச்சு, அதுலயும் ஒரு வருஷத்துது ஆடிட்டர் ஆபீஸ்லயே கிடந்துச்சு. முடியல, போயிடுச்சு. அந்தப் பொண்ணு இன்னமும் "அந்த சாருங்க மறுபடி வருவாங்களாண்ணா"ன்னு கேக்குறா.

இந்த 3 லட்சத்தை எப்படிச் செலவு பண்ணா அந்த மாதிரி இன்னொரு தடவை ஆகாது? இதை வாங்கி நடத்தினவங்க யாராச்சும் இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

கணக்கு_தாம்பரம்:

தம்பி, உங்க கேள்விக்குள்ளயே பதில் இருக்கு, கணக்கு பாக்குற அக்கா எதுவும் சொல்லலன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கருந்து ஆரம்பிங்க.

நான் 19 வருஷமா சின்னச் சின்ன சங்கம், டிரஸ்ட்டுக்குத்தான் கணக்கு எழுதுறேன். எங்க போனாலும் ஒரே காட்சிதான். ஒரு பழைய ஸ்வீட் டப்பா இருக்கும், அதுக்குள்ள வருஷம் பூரா சேந்த பில்லு, தெர்மல் பேப்பர்ல அடிச்ச பில்லெல்லாம் எழுத்து அழிஞ்சு வெள்ளையா இருக்கும், ஆட்டோ காசுக்குத் துண்டுச்சீட்டு, கம்பில குத்தி வச்ச வவுச்சர்ல பாதில கையெழுத்தே இருக்காது. மார்ச் முடிஞ்சதும் அந்த டப்பாவை அப்படியே ஆடிட்டர்கிட்ட தூக்கிட்டுப் போவாங்க, அவரும் ரிப்போர்ட் போட்டுக் குடுத்துடுவார். ஆனா இந்த மாசம் கையில எவ்ளோ இருக்கு, யார் குடுத்த காசு எதுல போச்சுன்னு ஆகஸ்ட் மாசத்துல ஒருத்தர் வந்து கேட்டா சொல்ல முடியாது. அந்தக் கம்பெனிக்காரங்க உங்ககிட்ட கேட்டது அதைத்தான்.

அதனால முதல் செலவு கணக்குக்கு. வாரத்துக்கு ஒரு நாள் வந்து உக்காந்து அக்காவுக்குச் சொல்லிக்குடுக்குற ஒரு அக்கவுண்டன்ட்டைப் பிடிங்க. அவர் எழுதிக் குடுத்துட்டுப் போற ஆளா இருக்கக்கூடாது, அக்கா கையால எழுத வைக்கிற ஆளா இருக்கணும். டாலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு டோனருக்கும் (பணம் குடுக்குறவருக்கும்) காஸ்ட் சென்டர்னு தனித்தனி தலைப்பு போட்டுட்டா, மாசக் கடைசில யார் பணம் எவ்ளோ மிச்சம்னு ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம். தெர்மல் பில்லை வாங்குன அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரோட பின் பண்ணிடுங்க, இதுக்குக் கிராண்டே வேணாம், நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

ரெண்டாவது, உங்க 12ஏபி ஆர்டரை, அதாவது 12ஏ மறுபதிவு ஆர்டரை, எடுத்து தேதியைப் பாருங்க. 2021ல எல்லாரும் மறுபதிவு பண்ணோம்ல, அது அஞ்சு வருஷத்துக்குத்தான், முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே புதுப்பிக்க விண்ணப்பிக்கணும். 2025 பட்ஜெட்ல சின்ன நிறுவனங்களுக்கு, அதாவது முந்தின ரெண்டு வருஷமும் வருமானம் 5 கோடிக்குள்ள இருக்கிறவங்களுக்கு, அஞ்சைப் பத்து வருஷமா ஆக்கிருக்காங்க, அது நமக்கு நல்ல விஷயம், ஆனா விண்ணப்பமே போடாம விட்டா ஒண்ணும் கிடையாது. அப்புறம் 80ஜி ரசீது குடுக்குறீங்கன்னா வருஷா வருஷம் மே 31க்குள்ள டோனர் பட்டியலை வருமான வரித் துறைல ஏத்தணும் (பழைய சட்டத்துல இது 10பிடி படிவம்), லேட்டானா ஒரு நாளைக்கு 200 ரூபாய் ஓடும். 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம்ங்கிறதால செக்‌ஷன் நம்பரெல்லாம் வேற, அதனால பழைய நம்பரை நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு அதையே நம்பி இருக்காதீங்க, ஆடிட்டர்கிட்ட வருஷா வருஷம் கேட்டுக்குங்க. நிர்வாகிகள் யாராச்சும் மாறிருந்தா பதிவாளர் ஆபீஸ்ல படிவம் 7 தாக்கல் பண்ணிருக்கீங்களான்னும் பாருங்க. பேங்க்ல கையெழுத்து மாத்தப் போகும்போதுதான் இது இல்லைன்னு தெரியவந்து நிறைய சங்கம் மாட்டிக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு, கன்சல்டன்ட்டோ அக்கவுண்டன்ட்டோ, ஒரே ஆளுக்கு வருஷத்துல 50,000க்கு மேல ஃபீஸ் போனா 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கணும், அதாவது அந்த வரியை நாமளே பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டணும். அதுக்கு டான்னு ஒரு நம்பர் வேணும். கிராண்ட் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்குங்க.

எண்ணூர்_வாலண்டியர்:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க அண்ணா. 3 லட்சம்னா ஒரு டீச்சருக்கு வருஷத்துக்கு மேலயே சம்பளம். எங்க சென்டர்ல போன அக்டோபர்ல இருந்து மேத்ஸுக்கு ஆள் இல்ல, பத்தாவது பசங்களுக்கு ரெண்டு காலேஜ் பசங்க மாத்தி மாத்தி வந்து சொல்லிக்குடுக்குறாங்க, அவங்க செமஸ்டர்னா அன்னிக்குக் கிளாஸ் இல்ல. இப்படி இருக்கும்போது ஒருத்தர் வந்து சாஃப்ட்வேருக்குக் காசு தர்றேன், டீச்சருக்குத் தரமாட்டேன்னா எனக்கு மனசு ஆறல. பசங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுத் தரணும். நீங்க அவங்ககிட்ட பாதியாவது டீச்சருக்கு எடுத்துக்கிறோம்னு கேட்டுப் பாருங்க.

வியாசர்பாடி_மாலைவகுப்பு:

கோவம்லாம் இல்ல தோழர், இதே வார்த்தையை எங்க டீச்சரும் சொன்னாங்க. கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்க, அவங்களுக்கு அந்தப் பணம் இந்தத் தலைப்புக்குன்னே ஒதுக்கினதாம். வேணாம்னு சொல்லலாமான்னு ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன். ஆனா அந்த 8 லட்சம் வந்திருந்தா ரெண்டு டீச்சர் போட்டிருக்கலாம், அது எங்க கிளாஸ் நல்லா இல்லாததால போகல, பேப்பர் இல்லாததாலதான் போச்சு. அதனாலதான் வாங்கலாம்ங்கிற முடிவுக்கு வந்தேன்.

கணக்கு சார், ரொம்ப நன்றி. அக்கா 2013ல இருந்து லாங் சைஸ் நோட்டுலதான் எழுதுறாங்க, வரவு நீல மை, செலவு சிவப்பு மை, ஒரு நாள் கூட விட்டதில்ல, வெள்ளம் வந்த 2015 டிசம்பர்ல கூட நோட்டை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பரண் மேல வச்சுட்டுத்தான் கீழ இறங்கி வந்தாங்க. நோட்டுல எல்லாம் இருக்கு, ஆனா டோனர் வாரியா பிரிக்கணும்னா பத்து நோட்டைத் திருப்பணும்.

அப்ப வெப்சைட் வேணாம்னே சொல்றீங்களா?

கண்ணகிநகர்_மகளிர்குழு:

தம்பி, நாங்க துரைப்பாக்கம் கண்ணகி நகர்ல வேலை பாக்குறோம், இந்த மாதிரி பணம் எங்களுக்கு ரெண்டு தடவை வந்திருக்கு, ஒரு தடவை வீணாப்போச்சு, ஒரு தடவை நல்லபடியா நடந்துச்சு, ரெண்டையும் சொல்றேன்.

முதல் தடவை பணம் குடுத்தவங்களே கன்சல்டன்ட்டையும் அனுப்பினாங்க. நல்ல மனுஷன்தான், படிச்சவர், ஆனா எங்க ஆபீஸுக்கு மொத்தமே மூணு நாள்தான் வந்தார். ஒரு ஹோட்டல்ல ஒரு நாள் மீட்டிங் வச்சு சார்ட் பேப்பர்ல கலர் கலரா ஒட்டச் சொன்னார், விஷன் என்ன, மிஷன் என்ன, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு. எங்க குழுல இருக்கிற பொம்பளைங்க வீட்டு வேலைக்குப் போறவங்க, அன்னிக்குச் சம்பளத்தை விட்டுட்டு வந்து உக்காந்திருந்தாங்க. கடைசில 84 பக்கம் இங்கிலீஷ்ல ஸ்பைரல் போட்ட ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்கு ஆன செலவு ரெண்டரை லட்சம். இப்ப வரைக்கும் பீரோ மேல இருக்கு, எங்க செயலாளர் அக்காவால அதைப் படிக்க முடியாது, அவங்க நடத்துற சங்கத்தைப் பத்தி அவங்களே படிக்க முடியாத ரிப்போர்ட். அதை நினைச்சா இன்னிக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ரெண்டாவது தடவை ரொம்பச் சின்னப் பணம், 90,000. இந்த தடவை ஆளை நாங்களே தேடிக்கிறோம்னு கேட்டு வாங்கினோம். ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர் ஒருத்தர் அடையாறுல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் பிடிச்சு வந்தார், ஏழு மாசம். அவர் ஒரு நாள் கூட மௌஸைத் தொட்டதில்ல. எங்க பொண்ணு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துப்பார், அவ தப்பா அடிச்சாலும் உடனே சொல்லமாட்டார், கீழ டோட்டல் வரட்டும்னு விடுவார், டோட்டல் இடிக்கும், அப்புறம் "எங்க போச்சு அந்த 450 ரூபா, தேடும்மா"ம்பார். அவ நோட்டையும் ஸ்க்ரீனையும் மாத்தி மாத்திப் பாத்து விரலால வரி வரியாத் தேடிக் கண்டுபிடிப்பா. மூணாவது மாசம் அவளே ஒரு வவுச்சரை எடுத்துட்டு வந்து "அக்கா இதுல கையெழுத்து இல்ல, நான் ஏத்தமாட்டேன்"னு என்கிட்டயே சொன்னா பாருங்க, அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இப்ப பக்கத்து பிளாக் குழுவுக்கும் அவதான் போய்ச் சொல்லிக்குடுக்குறா.

அதனால யாரைக் கூட்டிட்டு வந்தாலும் மூணு விஷயம் முன்னாடியே பேசிடுங்க தம்பி. தமிழ்ல சொல்லித்தரணும். எழுதிக் குடுக்குறது தமிழ்ல இருக்கணும், டோனருக்கு இங்கிலீஷ் வேணும்னா அது தனி. ஒரே வாரத்துல முடிச்சுட்டுப் போகாம மாசக்கணக்குல வரணும், ஏன்னா சந்தேகம் எல்லாம் மாசக் கடைசிலதான் வரும்.

டிசைன்_பையன்_அண்ணாநகர்:

வெப்சைட் பத்தி மட்டும் சொல்றேன். அதுக்கு இந்த கிராண்ட்ல இருந்து பெருசா எடுக்காதீங்க ப்ரோ. கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ்ல பதிவு பண்ணா நிறுவனத்து பேர்லயே மெயில், டிரைவ் எல்லாம் ஃப்ரீ, கேன்வாவும் தொண்டு நிறுவனத்துக்கு ஃப்ரீயா தர்றாங்க, பதிவுச் சான்றிதழ் காட்டி வெரிஃபிகேஷன் முடிக்கணும் அவ்ளோதான். ஒரு பக்க சைட் அதுலயே பண்ணிடலாம். டொமைன் பேரை மட்டும் சங்கத்து மெயில் ஐடில வாங்குங்க. சைட் பண்ணிக் குடுத்த வாலண்டியரோட சொந்த ஐடில வாங்கிட்டு, அவர் வெளிநாடு போனதும் புதுப்பிக்க முடியாம சைட்டே போன கதை நானே ரெண்டு பாத்துட்டேன்.

வியாசர்பாடி_மாலைவகுப்பு:

அக்கா, நீங்க எழுதினதை எங்க கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல அப்படியே போட்டேன். "தேடும்மா"ங்கிற இடத்தைப் படிச்சுட்டு எங்க கணக்கு அக்கா முதல் தடவையா பேசினாங்க. என்ன சொன்னாங்கன்னு அப்புறம் எழுதுறேன்.

முன்னாள்_சிஎஸ்ஆர்_டீம்:

நான் ஒரு கம்பெனில ஆறு வருஷம் சிஎஸ்ஆர் டீம்ல இருந்தேன், பணம் குடுக்குற பக்கத்துல என்ன நடக்கும்னு சொன்னா உங்களுக்கு பிளான் எழுத உதவும்னு நினைக்கிறேன்.

கம்பெனி சட்டம் 2013, செக்‌ஷன் 135, பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆருக்குச் செலவு பண்ணணும்ங்கிறது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதுல பணம் வாங்குற தொண்டு நிறுவனத்துக்கு 12ஏ, 80ஜி, மூணு வருஷ அனுபவம் வேணும், 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு நம்பரும் வாங்கிருக்கணும். சிஎஸ்ஆர்-1க்கு ஒரு நிர்வாகியோட டிஜிட்டல் சிக்னேச்சரும், பிராக்டிஸ்ல இருக்கிற சிஏவோ கம்பெனி செக்ரட்டரியோ காஸ்ட் அக்கவுண்டன்ட்டோ சரிபார்த்துக் கையெழுத்துப் போடுறதும் வேணும், மத்தபடி பெரிய வேலை இல்ல. உங்ககிட்ட 12ஏ, 80ஜி, அனுபவம் எல்லாம் இருந்தும் இது இல்லாம போனது எனக்கே வருத்தமா இருக்கு, முதல் மாசமே முடிச்சுடுங்க.

நிர்வாகச் செலவு விஷயத்துல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. சிஎஸ்ஆர் விதில 5 சதவீதம்னு ஒரு எல்லை இருக்குல்ல, அது கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலையை நிர்வாகம் பண்றதுக்கு ஆகுற செலவுக்குப் போட்டது. ஆனா எங்க மீட்டிங்லயே அதைத் தூக்கி தொண்டு நிறுவனத்து பட்ஜெட் மேல வச்சு, அக்கவுண்டன்ட் சம்பளத்தை அடிச்சு விடுவாங்க, நானே அடிச்சிருக்கேன், இப்ப நினைச்சா தப்புன்னு தெரியுது. வெளிநாட்டுப் பணத்துலயும் இப்படித்தான், எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரைக்கும் இருந்ததை 2020 திருத்தத்துல 20 ஆக்கிட்டாங்க, அதோட ஒரு நிறுவனம் வாங்குன வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குத் தர்றதையும் நிறுத்திட்டாங்க. முன்னாடி பெரிய நிறுவனங்கள் அந்த வழியாத்தான் உங்களை மாதிரி சின்னச் சின்ன இடத்துக்குக் காசு கொண்டுவந்தாங்க, அந்த வாய்க்கா அடைச்சிடுச்சு.

இதோட விளைவு என்னன்னா, எல்லாரும் பசங்களுக்கு, மரத்துக்கு, தண்ணிக்குன்னு குடுப்பாங்க, அதை நடத்துற ஆபீஸுக்கு யாரும் குடுக்கமாட்டாங்க, ஆபீஸ் மெலிஞ்சு போகும், மெலிஞ்ச ஆபீஸைப் பாத்துட்டு அடுத்த ஆள் பணம் குடுக்கப் பயப்படுவார். அமெரிக்காவுல இதை நான்பிராஃபிட் ஸ்டார்வேஷன் சைக்கிள்னு 2009லயே எழுதினாங்க. இங்கயும் எடல்கிவ் ஃபவுண்டேஷன் 2021ல க்ரோ ஃபண்ட்னு ஆரம்பிச்சு, 100 அடிமட்ட நிறுவனங்களுக்கு 100 கோடின்னு இலக்கு வச்சு, நிறுவனத்தைப் பலப்படுத்தன்னே குடுத்தாங்க. அதனால எண்ணூர் தோழர் சொல்றது நியாயமான கோவம்தான், ஆனா இந்தத் தலைப்புல பணம் வர்றது அபூர்வம், வந்தா விடாதீங்க.

பிளான் எழுதும்போது ஒரு பக்கம் போதும். இப்ப எங்க இடிக்குது, வருஷக் கடைசில என்ன இருக்கும். "நிதி மேலாண்மைத் திறன் மேம்படும்"னு எழுதாதீங்க, "ஒவ்வொரு மாசமும் 10ஆம் தேதிக்குள்ள டோனர் வாரியா கணக்கு கமிட்டி முன்னாடி இருக்கும், அதை அக்காவே எடுப்பாங்க"ன்னு எழுதுங்க. அதைப் படிச்சா குடுக்குறவருக்கும் புரியும், ஆறாவது மாசம் வந்து பாக்கவும் முடியும்.

முக்கியமா அக்காவோட நேரத்துக்குக் காசு கேளுங்க. இதை யாருமே கேக்கமாட்டாங்க. கத்துக்குறதுக்கு வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் கூடுதலா உக்காரப்போறாங்க, அதைச் சும்மா செய்யணும்னு எதிர்பார்த்தா ரெண்டாவது மாசம் வீட்டுல பிரச்சனை வரும், விட்டுடுவாங்க. இது டீச்சர் சம்பளம் இல்ல, பயிற்சிக்கான செலவு, நியாயமா அந்தத் தலைப்புல வரும். கன்சல்டன்ட்டை யார் தேர்ந்தெடுக்கிறது, பணம் எத்தனை தவணை, மிச்சமானா திருப்பணுமா, அடுத்த வருஷம் சாஃப்ட்வேர் புதுப்பிக்கிற காசு யார் தலைல விழும், இந்த நாலையும் கையெழுத்துக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு பதில் வாங்கிக்குங்க.

நியூஜெர்சி_தமிழ்:

நான் பெரம்பூர்ல வளர்ந்தவன், இப்ப இங்க ஒரு சின்ன உணவு வங்கில போர்டு மெம்பர். இங்க கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்ஸ் இந்த மாதிரி டெக்னிக்கல் அசிஸ்டன்ஸ் கிராண்ட் ரொம்ப நாளா தர்றாங்க, அரசாங்கமும் 2002ல கம்பேஷன் கேப்பிடல் ஃபண்ட்னு ஒண்ணு கொண்டுவந்து, பெரிய நிறுவனங்களை நடுவுல வச்சு அவங்க மூலமா சர்ச், தெருமுனைக் குழு மாதிரி சின்ன அமைப்புகளுக்குப் பயிற்சியும் குட்டிக் குட்டி மானியமும் போக வச்சாங்க. எங்களுக்கு இதுல உருப்படியா உதவினது எதுன்னா, நாங்களும் பக்கத்துல ரெண்டு அமைப்பும் சேந்து ஒரே அக்கவுண்டன்ட்டை வச்சுக்கிட்டதுதான். வாரத்துல ஆளுக்கு ஒரு நாள். கிராண்ட் முடிஞ்சப்புறமும் மூணு பேரும் பங்கு போட்டுச் சம்பளம் குடுக்க முடிஞ்சுது, தனியா இருந்திருந்தா அன்னிக்கே நிறுத்திருப்போம். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் உங்களை மாதிரி வேற ரெண்டு சங்கம் இருந்தா பேசிப் பாருங்க தம்பி.

ஸ்கூல்_டீச்சர்_கொளத்தூர்:

எல்லாரும் கணக்கைப் பத்தியே பேசுறீங்க, எனக்கு அந்தக் குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கைதான் கண்ணுல நிக்குது. 62 பசங்க, ராத்திரி எட்டு மணி வரைக்கும், வாலண்டியர்ஸ் வந்து போற இடம். போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்குற சட்டம்) ஒரு குழந்தைக்கு ஏதோ நடந்திருக்குன்னு தெரிஞ்சும் போலீஸுக்குச் சொல்லாம விட்டா அதுவே குற்றம், இது உங்க வாலண்டியர்ஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து அழுதா முதல்ல என்ன பேசணும், என்ன கேக்கக்கூடாது, யார் யார்கிட்ட சொல்லக்கூடாது, இதெல்லாம் பயிற்சி இல்லாம வராது. நெட்ல இருந்து ஒரு பாலிசியை காப்பி பண்ணி பேர் மாத்திடாதீங்க தயவுசெஞ்சு. ரெண்டு நாள் ஆளை வரவழைச்சு எல்லாரையும் உக்கார வச்சுப் பேசுங்க, அதுலருந்து உங்க இடத்துக்கு ஏத்த மாதிரி நாலு பக்கம் தமிழ்ல எழுதுங்க, 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பரைச் சுவத்துல பசங்க கண்ணு படுற உயரத்துல ஒட்டுங்க. எழும்பூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் மாதிரி காலேஜ்ல இருந்து ஃபீல்டு வொர்க்குக்கு பசங்க வருவாங்க, கேட்டா நல்லா உதவி பண்ணுவாங்க.

எண்ணூர்_வாலண்டியர்:

டீச்சர் சொன்னது எங்க சென்டருக்கும் சேத்துத்தான். எங்ககிட்டயும் இது இல்ல. அண்ணா, நீங்க அந்த ரெண்டு நாள் பயிற்சி வைக்கும்போது எங்க ஆளுங்க நாலு பேர் வந்து உக்காந்துக்கலாமா?

வியாசர்பாடி_மாலைவகுப்பு:

கண்டிப்பா வாங்க தோழர், நாலு இல்ல எட்டுப் பேர் வாங்க.

மூணு வாரம் ஆச்சு, இன்னிக்குத்தான் எழுத நேரம் கிடைச்சுது. போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கே போய்ட்டேன், கமிட்டில எல்லார் முன்னாடியும் கேட்டா சொல்லமாட்டாங்கன்னு. காபி போட்டுக் குடுத்துட்டு ரொம்ப நேரம் கழிச்சு சொன்னாங்க: "கம்ப்யூட்டர் வந்தா என்னை எடுத்துட்டு படிச்ச பிள்ளை யாரையாச்சும் போட்டுடுவீங்கன்னு நினைச்சேன் தம்பி." பன்னெண்டு வருஷமா ஒரு ரூபா பிசகாம எழுதினவங்க, அவங்ககிட்ட நாங்க ஒரு வார்த்தை கூட கேக்காம ஆப், லேப்டாப்னு பேசிட்டு இருந்திருக்கோம். மன்னிப்பு கேட்டேன். அப்புறம்தான் பீரோல இருந்து ஒவ்வொரு நோட்டா எடுத்துக் காட்டினாங்க, கடைசிப் பக்கத்துல பென்சில்ல டோனர் பேர் போட்டு அவங்களாவே ஒரு பிரிவு வச்சிருக்காங்க, 2017ல இருந்து! இதைத்தான் அந்தக் கம்பெனி கேட்டது, எங்க பீரோலயே இருந்திருக்கு, யாருக்கும் தெரியல.

பிளான் நேத்து குடுத்துட்டோம். அக்கவுண்டன்ட் வாரம் ஒரு நாள், மாசம் 6,000, வருஷத்துக்கு 72,000. கணக்கு சார், டிடிஎஸ் ஞாபகம் இருக்கு, டான் நம்பருக்கு விண்ணப்பிச்சாச்சு. அக்காவோட கூடுதல் நேரத்துக்கு மாசம் 4,000, அதாவது 48,000. ஒரு லேப்டாப்பும் டாலியும் சேத்து 75,000. குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சிக்கும் கொள்கை எழுதறதுக்கும் 40,000. பழைய நோட்டையெல்லாம் ஏத்தி, பதிவாளர் ஆபீஸ்ல விட்டுப்போன தாக்கலையும் சிஎஸ்ஆர்-1ஐயும் முடிக்க 35,000. மிச்சம் 30,000 ரெண்டாவது வருஷப் புதுப்பிப்புக்கு வச்சுக்க அனுமதி கேட்டிருக்கோம், அதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல. புளியந்தோப்புல ஒரு சங்கம் அக்கவுண்டன்ட்டைப் பங்கு போட்டுக்க ஒத்துக்கிட்டாங்க. வெப்சைட்டை டிசைன் ப்ரோ சொன்ன மாதிரி நாங்களே பண்ணிக்கிறோம், தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்ப ஒரே ஒரு உதவி வேணும். பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் தமிழ்ல பொறுமையா டாலி சொல்லித்தர்ற அக்கவுண்டன்ட் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. காலைல பதினோரு மணிக்கு மேலதான் வரணும், அதுக்கு முன்னாடி தண்ணி லாரி வர்ற நேரம், அக்கா குடத்தோட வரிசைல நிப்பாங்க.